கூடாரத் துணியில் தைத்த பை

மகனே, நீ அனுப்பிய குரல் வந்தது. போட்டுக் கேட்டேன், பிறகு இன்னொரு முறையும் கேட்டேன். நீயும் உன் மனைவியும் சுகமாயிருக்க அல்லாஹ் உதவி செய்யட்டும். எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. உன்னைப் போல் ஃபோனில் பேசி அனுப்ப எனக்கு வராது. இந்த விசயத்தைப் பேசத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். நீளமாக இருக்கும். வேலைக்குப் போகிற அவசரத்தில் படிக்காதே.

நீ கேட்டது ஒரு பை. ஆஸ்திரேலியாவில் நீ சேர்ந்திருக்கும் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய காலத்துத் துவக்குகளால் சுடுகிறீர்களாம். குழல் வாய்வழியே வெடிமருந்தைக் கொட்டி, குண்டைக் கோலால் இடித்து இறக்கிச் சுடும் துவக்கு. நம் பக்கத்தில் இடியன் என்போமே, அதுதான். கடதாசியில் வரைந்த வட்டத்தைச் சுடுவீர்களாம். மருந்தும் குண்டும் வைக்கிற தோள்பையைக் கடையில் வாங்கினால் அங்கே மதிப்பில்லையாம், கன்வஸ் துணியில் கையால் தைத்ததாக இருக்க வேண்டுமாம். "உம்மா, வாப்பாட தோள்ல கிடக்குமே, அதே மாதிரி ஒண்டு தச்சு அனுப்புங்க. சுடாத நாள்ல அவர்ட படத்துக்குப் பக்கத்துல மாட்டி வைக்கப் போறன்" என்று சொன்னாய். சொல்லும்போது உன் குரல் உடைந்தது. வாப்பாவை நினைத்து உனக்குக் குரல் உடைவதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் என்னோடு நீ இவ்வளவு நேரம் கதைத்து எத்தனை காலம் ஆயிற்று? அவருடைய ஜனாஸா அன்று, வீடு நிறைய ஆட்கள் இருக்க, "நீங்க தானே உம்மா வாப்பாவப் புடிச்சுக் குடுத்த" என்று என்னைக் கேட்டாய். உள்ளே அடக்கத்துக்காக அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு பெருநாளுக்கு ஒரு சலாம், நோன்புக்கு ஒரு சலாம், அவ்வளவுதான் உன்னிடமிருந்து வந்தது. இப்போது ஒரு பை கேட்டு வந்திருக்கிறாய். ஆகவே அந்தப் பையின் கதையையே உனக்குச் சொல்கிறேன்.

கடல் ஊருக்குள் வந்த காலையில் உன் வாப்பா வயலில் இருந்தார். மேற்கே, காட்டை ஒட்டிய வயற்கண்டத்தில் நமக்கு இருந்த வயலுக்குப் பன்றிக் காவலுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. துவக்கு அவரோடு இருந்தபடியால் அது மட்டும்தான் நம் சாமான்களில் தப்பியது. உன் ராத்தா, என் மூத்தவள் பர்ஹானா, குர்ஆன் ஓதப் போயிருந்தாள். நான் உன்னை இழுத்துக்கொண்டு ஓடினேன். உன் ராத்தாவைத் தேடிப் போக விடாமல் யாரோ என் முந்தானையைப் பிடித்து மேற்கே தள்ளினார்கள். அது யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாப்பா வந்து பள்ளிவாசல், ஆஸ்பத்திரி, தோணா வாய்க்கால் ஓரம் என்று நாட்கணக்கில் அலைந்தார். பிள்ளை கிடைக்கவில்லை. உனக்கு இதெல்லாம் கொஞ்சம் நினைவிருக்கலாம். பள்ளிக்கூட மைதானத்துக் கூடாரமும், அதற்குள் இருந்த வெக்கையும் நிச்சயம் நினைவிருக்கும்.

நினைவிருக்காத ஒன்றைச் சொல்கிறேன். அந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு பர்ஹானாவுக்குச் சட்டை தைக்க, இளஞ்சிவப்பில் சின்னச் சின்னப் பூப்போட்ட ஒரு துணியை நற்பிட்டிமுனையில் ஒரு தையற்காரியிடம் கொடுத்திருந்தேன். பெருநாளுக்குக் கிட்ட அந்தப் பெண் நாம் எந்தக் கூடாரத்தில் இருக்கிறோம் என்று விசாரித்துக்கொண்டு, தைத்து முடித்த சட்டையையும் மிச்சத் துணியையும் எடுத்து வந்தாள். வந்த இடத்தில் சங்கதி தெரிந்து, கொடுக்கவும் முடியாமல் திரும்பிப் போகவும் முடியாமல் நின்று அழுதாள். சட்டையைப் பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைக்குக் கொடுத்தேன். மிச்சத் துணியை மடித்துத் தலையணைக்குள் வைத்துக்கொண்டேன்.

அடுத்த போகத்துக்கு வாப்பா மறுபடியும் வயலில் இறங்கினார். மருந்தையும் குண்டையும் பிளாஸ்திக் உறையில் சுற்றிக்கொண்டு போவார். ஒரு நாள் பனியில் மருந்து நனைந்து துவக்கு வெடிக்காமல் போக, பன்றி புகுந்து, கதிர் விடப்போன குடலைப் பயிரை உழுதுவிட்டது. வந்து என்னிடம், "கிழிஞ்ச கூடாரத்துத் துணி கிடக்குதானே, அதுல எனக்கொரு பை தச்சுத் தா" என்றார். என் தையல் மெசினைக் கடல் கொண்டுபோய்விட்டது. கோணி ஊசி மட்டும் இருந்தது. நூல் தந்தது தங்கராசா அண்ணன். பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்புக்காரர், நம் வயலுக்கு அடுத்த வரம்பு அவருடையது. அவருடைய தம்பி கடலுக்குப் போகிறவர் என்பதால் வலை நூல் ஒரு கட்டையும், நூலில் தேய்க்க மெழுகும் கொண்டுவந்து தந்தார். கூடாரத் துணி வெள்ளையாக இருந்தது. இருட்டில் பளிச்சென்று தெரியும். வலைக்குச் சாயம் போடப் பட்டை அவிக்கிற தண்ணீரிலேயே அவர்கள் வீட்டில் அதையும் போட்டு எடுத்தோம். பூமணி அக்கா, அவருடைய மனைவி, விறகைத் தள்ளித் தள்ளி எரித்து, துணி கபில நிறமாகும்வரை பானைக்குப் பக்கத்திலேயே நின்றார்.

துணியை வெந்நீரில் அலசிச் சுருங்க விட்ட பிறகுதான் வெட்டினேன். தைத்த பிறகு சுருங்கினால் பை கோணலாகிவிடும். முன்பக்கம், பின்பக்கம், மூடி மூன்றும் ஒரே நீளத் துண்டு. பக்கங்களுக்கும் அடிக்குமாக நாலு விரல் அகலத்தில் ஒரு பட்டி. கூடாரத்தில் நீல எழுத்துகள் அச்சடித்திருந்தார்கள், அவை வெளியே தெரியாமல் உள்பக்கமாகத் திருப்பி அடியில் வருமாறு வைத்தேன். உள்ளே இரண்டாகப் பிரித்தேன். ஒரு பக்கம் மருந்துக் குப்பி, மறுபக்கம் குண்டும், அதை அடைக்கிற தேங்காய்த் தும்பும். தட்டினால் பொறி கொடுக்கும் சின்னச் செம்பு மூடிகளை மருந்தோடு வைக்கக் கூடாது என்று வாப்பா சொன்னதால், அவற்றுக்கு மட்டும் முன்பக்கத்தில் தனியாக ஒரு குட்டிப் பை, கட்டுவதற்கு ஒரு நாடா. தோள்வார் கூடாரத்து ஓரப் பட்டியில். மூடி தொடைப்பக்கம் திறவாமல் இருக்கச் சிரட்டையில் ஒரு பொத்தான். உள்துணி போடுகிற நேரம் வந்தபோது வாப்பா என்னருகில் குந்தினார். "புள்ளட சட்டைத்துணி மிச்சம் வெச்சிரிக்காய்தானே. அத உள்ளுக்குப் போடு. என்னோட கிடக்கட்டும்" என்றார். நான் தைத்து முடிக்கும்வரை அவர் எழுந்து போகவில்லை. அந்த நாளில் உன் வாப்பாமீது எனக்கு இருந்த இரக்கத்தை எழுத்தில் எழுத எனக்குத் தெரியாது.

உன் சுவரில் இருக்கிற படம் அதற்குப் பிறகு எடுத்தது. அவரும் தங்கராசா அண்ணனும் சேர்ந்துதான் காவலுக்குப் போவார்கள். துவக்கும் அதற்கான அனுமதிப் பத்திரமும் வாப்பாவுடையவை. காவல் இரண்டு வயலுக்கும் பொது. பன்றி விழுந்தால் அது பாண்டிருப்புக்குப் போகும். "காக்கா சுடுவார், நான் சுமப்பன், திண்டு முடிக்கிற ஊர்ச்சனம்" என்று, வாப்பாவை அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கும் தங்கராசா அண்ணன் சொல்லிச் சிரிப்பார். அந்தப் படத்தை எடுத்ததும் அவர்தான். அதனால்தான் அவர் அதில் இல்லை.

கிழக்கில் சண்டை முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். வடக்கில் இன்னும் நடந்துகொண்டிருந்தது. வீதிக்கு வீதி சோதனை. ஒரு காலையில் வாப்பா துவக்கோடு சைக்கிளில் வந்து சேர்ந்தார். தோளில் பை இல்லை. கேட்டேன். "வயல்ல வெச்சிட்டு வந்திட்டன் போல" என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனார். வெயில் ஏறும்போது சீருடை போட்ட இருவர் வந்தார்கள். மருந்தும் குண்டும் இருந்த ஒரு பையோடு பாண்டிருப்பு ஆள் ஒருவரைப் பிடித்திருக்கிறோம், அது உன்னுடைய பை என்று அவன் சொல்கிறான், நீதான் கொடுத்தாயா என்று கேட்டார்கள். வாப்பா, என் பை காணாமல் போய்விட்டது, நான் யாருக்கும் கொடுக்கவில்லை என்றார். எழுதிக் கையொப்பமும் வாங்கிக்கொண்டு போனார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அப்போதும் நான் அவரை நம்பினேன் மகனே. தங்கராசா அண்ணன் எதற்காக எடுத்தார் என்றுதான் யோசித்தேன்.

அவர்கள் போன பிறகு பூமணி அக்கா வந்தார். செருப்புக்கூடக் காலில் இல்லை. "தங்கச்சி, வரம்புல சைக்கிள உருட்ட ஏலாம காக்காதான் பையக் கழட்டி இவர்ட தோள்ல போட்டவராம். றோட்டுக்கு வந்ததும் காக்கா ஏறி முன்னுக்கு வந்திட்டாராம். பத்திரம் இருந்தபடியா அவர விட்டுட்டானுகள். பின்னால நடந்து வந்த இவரப் புடிச்சிட்டானுகள். காக்கா வந்து என்ட பை எண்டு ஒரு சொல் சொன்னாக் காணும்" என்றார். வாப்பா உள் அறையிலிருந்து வெளியே வரவில்லை. நான் பூமணி அக்காவை இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

"நீங்கதானே அவர்ட தோள்ல போட்ட?"

"போட்டன்தான். இப்ப மாத்திச் சொன்னா என்னையும் கொண்டு போவானுகள். இந்தப் புள்ளய ஆரு பாக்குற?"

"அவருக்கும் புள்ளயள் இரிக்கிதானே."

"அவனுகள்ட ஆக்கள அவனுகள் பாத்துக்குவானுகள்."

எத்தனை போகம் ஒரே பரணில் சேர்ந்து விழித்திருந்தவரை 'அவனுகள்' என்று சொல்ல அவருக்கு எவ்வளவு சுலபமாக வந்தது! எனக்குக் கோபம் அதற்கு மட்டும் வரவில்லை. "அந்தப் பைய என்ட இல்லண்டு சொன்னீங்களே, அதுக்குள்ள பர்ஹானாட துணி கிடக்கு" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "துணிதானே" என்றார்.

மறுநாள் காலையில் நான் பூமணி அக்காவோடு போனேன். வாப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். "போனா வீட்டுக்கு வராத" என்றார். நீ வாசல் படலையடியில் நின்று அதைக் கேட்டாய். அதற்கு முன்னால் நடந்த எதையும் நீ கேட்கவில்லை. உன் மனதில் இந்தக் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தங்கராசா அண்ணனைத் தடுத்து வைத்திருந்த இடத்தில் மேசையில் பை கிடந்தது. ஒரு அதிகாரி இருந்தார், தமிழ் தெரிந்த ஒருவர் மொழிபெயர்த்தார். இது என் கணவனின் பை, நான் தைத்தது என்றேன். உன் கணவனே இல்லையென்று எழுதித் தந்திருக்கிறானே என்றார் அதிகாரி. "பயத்துல சொல்லிட்டார் ஐயா. பைட அடியில உள்துணிக்குக் கீழ கூடாரத்து எழுத்து நீலத்துல இரிக்கும். தச்ச ஆளத் தவிர வேற ஆருக்கும் தெரியா. பிரிச்சுப் பாருங்க" என்றேன். அவர் ஒரு கத்தியை எடுத்தார். தையலைப் பிரிப்பார் என்று நினைத்தேன். நடுவில் குத்தி ஒரே இழுவையாகக் கிழித்தார். எழுத்து இருந்தது. பர்ஹானாவின் துணி இரண்டாகக் கிழிந்து மேசையோரம் தொங்கியது. அந்தத் துணியையாவது தாருங்கள் என்று கேட்டேன். வழக்குச் சாமான், தர முடியாது என்றார். அந்தப் பையை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

அதன் பிறகு வாப்பாவைக் கூட்டி வந்தார்கள். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்ட பைதான்" என்றார். அவரை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். முந்தின நாளே அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால், பத்திரம் உள்ள மனிதர் என்று கண்டித்து அனுப்பியிருப்பார்கள் என்று பிறகு விசயம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். எழுதித் தந்தது பொய் என்பதால்தான் அவரை உள்ளே வைத்தார்கள். கொஞ்ச நாளில் வந்துவிட்டார். துவக்கும் பத்திரமும் போயின. ஊரில் என் பெயர் 'புருசனக் காட்டிக் குடுத்தவ' என்றாயிற்று. கலியாண வீடுகளில் நான் உட்கார்ந்தால் பக்கத்துப் பாயில் பேச்சு நிற்கும். அது வாப்பாவின் காதுக்கும் எட்டியது. ஒரு நாளும் அவர் மறுத்துச் சொல்லவில்லை. நீ பள்ளிக்கூடத்தில் அதற்காகச் சண்டைபிடித்துக்கொண்டு வந்த அன்றும் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

தங்கராசா அண்ணனை அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. ஒரு முறை பிடிபட்ட தமிழ் ஆளுக்கு, பை யாருடையது என்பது சின்ன விசயமாகப் போய்விட்டது. பூமணி அக்கா எத்தனை கதவுகளில் ஏறி இறங்கினார் என்பதை நான் பார்த்தேன், பல இடங்களுக்குக் கூடப் போனேன். வடக்கில் சண்டை முடிந்து, வீதியில் வெடி கொளுத்தி, பாற்சோறு பகிர்ந்ததற்கெல்லாம் பிறகுதான் அவர் வீட்டுக்கு வந்தார். இடது தோள் அதன் பிறகு மேலே எழும்பவில்லை. வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார்.

வந்து சில நாளில் நம் வீட்டுக்கு வந்தார். நீ அப்போது வகுப்புக்குப் போயிருந்தாய். வாப்பா உள் அறையில் இருந்தார், வெளியே வரவில்லை. தங்கராசா அண்ணனுக்கும் அது தெரியும். நான் தேத்தண்ணி கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டார், "தங்கச்சி, அண்டைக்கு காக்கா வீட்ட வந்து என்ன சொன்னவர்?"

"பைய வயல்ல வெச்சிட்டன் எண்டார்."

அவர் தலையாட்டினார். "நான் கையக் காட்டினன், தங்கச்சி. அவனுகள் பைய மண்ணுல கொட்டக்குள்ள. காக்கா திரும்பிப் பாத்தவர். சைக்கிள நிப்பாட்டி ஒரு காலக் கீழ ஊண்டினவர். வாறார் எண்டுதான் நினைச்சன். மறுகா மிதிச்சுப் போயிட்டார்." பிறகு தேத்தண்ணியைக் குடித்தார். மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியப்பட்டிருக்கிறாள், வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து கேட்டவர்களைப் பார்த்துப் பயந்து பொய் சொன்னார் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். பயம் யாருக்கும் வரும். அதை நான் பொறுத்திருப்பேன், அநேகமாகப் பொறுத்துவிட்டேன். அவர் பார்த்துவிட்டுத்தான் வந்தார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. உள் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அவருக்கும் எல்லாம் கேட்டிருக்கும். நான் போய் வாசலில் நின்றேன். அவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று பள்ளிக்குப் போனார்.

அன்றிலிருந்து அவருக்கு ஆக்கினேன், துவைத்தேன், நோயில் கிடந்தபோது தூக்கி வைத்துக் கழுவினேன். பேச்சு மட்டும் குறைந்துபோயிற்று. நீ அந்த வீட்டில்தான் வளர்ந்தாய். உம்மாவின் மனம் கல் என்று முடிவு கட்டினாய். நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ராத்தாவைக் கடலுக்குக் கொடுத்த பிள்ளை நீ. வாப்பாவையும் உன்னிடமிருந்து பறிக்க எனக்குக் கை வரவில்லை. அவரே ஒரு நாள் உன்னிடம் சொல்வார் என்றும் காத்திருந்தேன். கடைசியாக நீ லீவில் வந்தபோது கட்டிலருகே இருந்து, "உம்மா ஏன் அப்படிச் செஞ்ச, வாப்பா?" என்று அவரைக் கேட்டாயே, நான் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வசனம் போதும், அவருக்கு அப்போது வாய் நன்றாகத்தான் இருந்தது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நீ அதை வேறு விதமாக விளங்கிக்கொண்டு வெளியே வந்து என்னை முறைத்தாய்.

உன் வாப்பா கொடுமைக்காரர் அல்ல. ஒரு பிள்ளையைத் தேடி அலைந்து கால் வெடித்த மனிதர். உனக்குச் சைக்கிள் பழக்கியவர். அவரை நேசி, நான் தடுக்கவில்லை. ஆனால் உன் நேசத்துக்கு இடம் வேண்டுமென்று என்னை ஒதுக்கிப் போடாதே. உனக்கு இப்போது மனைவி இருக்கிறாள். அவள் மனதில் என்ன கிடந்து அரிக்கிறது என்று தெரிந்துகொண்டே, துணிதானே என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போகாதே. அதைச் சொல்ல ஒரு நொடி போதும். கேட்டவள் அதோடு மீதி ஆயுளைக் கழிக்க வேண்டும்.

அந்தப் பையை நான் தைக்க மாட்டேன். கை நடுங்குவதால் என்று உன் மனைவியிடம் சொல்லலாம், உனக்கு உண்மை தெரிந்திருக்கட்டும். எப்படி வெட்டுவது, எதை எங்கே வைப்பது என்று மேலே எழுதியிருக்கிறேன், நீயே தைத்துக்கொள். நூலில் மெழுகு தேய்க்க மறக்காதே. தோள்வார் சேருமிடத்தில் சதுரமாக இரண்டு முறை தை. விரலில் ஊசி ஏறும், பரவாயில்லை.

நோன்புக்கு வருவதாகச் சொன்னாய். வந்தால் பயணப்பையை வைத்துவிட்டு முதலில் பாண்டிருப்புக்குப் போ. நான் கூட வரமாட்டேன், நீ தனியாகப் போ. தங்கராசா அண்ணன் முன் விறாந்தையில் இருப்பார். இடப்பக்கம் போய் நிற்காதே, அந்தத் தோளைத் திருப்ப அவருக்கு வலிக்கும். கண்ணும் இப்போது சரியாகத் தெரிவதில்லை. யாரப்பா என்று கேட்பார். இன்னாருடைய மகன் என்று, வாப்பாவின் பெயரை முழுதாக, அவர் காதுக்குக் கேட்கும்படி சொல். சொல்லிவிட்டு, அவர் இருக்கச் சொல்லும்வரை நின்றுகொண்டிரு.

உம்மா